வயிற்றுக் கிருமியைக் கொண்டு மனிதர் இடம்பெயர்ந்த வழியைத் தேடுவது எப்படி? (தொடக்க நிலைச் செய்முறை)

ஹெலிகோபாக்டர் பைலோரி இரைப்பையின் சளிப்படலத்தில் வாழும் பாக்டீரியா. உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் இது உண்டு. பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில், வீட்டுக்குள்ளேயே, குறிப்பாகத் தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுகிறது. மருந்தால் நீக்காவிட்டால் வாழ்நாள் முழுவதும் உடனிருக்கிறது. ஆகவே ஊர் பெயர்ந்த மக்கள் இதையும் வயிற்றில் சுமந்தே போயிருக்கிறார்கள். சுமார் 58,000 ஆண்டுகளுக்கு முன் இக்கிருமி கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து மனிதரோடு பரவத் தொடங்கியது என்று 2007இல் வெளிவந்த ஆய்வு கணித்தது. அந்த வழித்தடத்தை நம் கணினியிலேயே தேடிப் பார்க்க முடியும். மென்பொருள்களை நிறுவும் முறையை இங்கே விளக்கவில்லை; அவற்றின் கையேடுகளே அதற்குப் போதும்.

முதற்படி, தரவு. பப்எம்எல்எஸ்டி என்னும் இலவசத் தரவுத்தளத்தில் இக்கிருமியின் ஏழு மரபணுத் துண்டுகள் கிடைக்கின்றன: ஏடிபி-ஏ, இஎஃப்பி, மியூட்-ஒய், பிபிஏ, டிஆர்பி-சி, யூஆர்இ-ஐ, ஒய்பிஎச்-சி. ஏழையும் சேர்த்தால் 3,406 டிஎன்ஏ எழுத்துகள் (ஏ, சி, ஜி, டி என்னும் நான்கு எழுத்துகளால் ஆனவை). தரவிறக்கும்போது நாட்டின் பெயரோடு நிற்காமல், நோயாளி எந்த இனக்குழுவைச் சேர்ந்தவர் என்ற குறிப்பையும் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள். கோலாலம்பூர் மருத்துவமனை ஒன்றில் எடுத்த மாதிரி மலாய்க்காரருடையதாகவும் இருக்கலாம், சீனருடையதாகவும் இருக்கலாம், தமிழருடையதாகவும் இருக்கலாம். அக்குறிப்பு இல்லாத மாதிரிகளை நான் ஒதுக்கிவிடுகிறேன்.

அடுத்து, ஒவ்வொரு மரபணுவையும் தனித்தனியே மாஃப்ட் மென்பொருளில் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்தி, பிறகு எல்லா மாதிரிகளுக்கும் ஒரே வரிசைமுறையில் ஏழையும் இணையுங்கள். இதை எக்செல்லில் வெட்டி ஒட்டிச் செய்ய வேண்டாம் என்று வலியுறுத்துவேன். ஒரே ஒரு மாதிரியில் இரண்டு மரபணுக்கள் இடம் மாறினாலும் அது புதிய இனம் போலத் தோன்றும். ஆர் என்னும் நிரல்மொழியில் பத்து வரி எழுதினால் போதும், பிழைக்கு இடமிராது.

இவ்விடத்தில் பலரும் உடனே, உறவுகளைக் கிளைகளாகக் காட்டும் மரபுமரம் வரைந்து பார்க்கிறார்கள், நானும் வரைந்தேன். இக்கிருமிக்கு மரம் பொருந்துவதில்லை. ஒரே இரைப்பையில் இரண்டு வகைக் கிருமிகள் சேர்ந்தால் அவை டிஎன்ஏ துண்டுகளைத் தங்களுக்குள் தாராளமாக மாற்றிக்கொள்கின்றன. அதனால் ஒரு மரபணு காட்டும் உறவை அடுத்த மரபணு மறுக்கிறது. கலப்பைக் கணக்கில் கொள்ளும் ஸ்ட்ரக்சர் என்ற நிரலே இங்கு ஏற்றது.

அந்த நிரலுக்கான உள்ளீட்டுக் கோப்பில்தான் நான் நெடுநாள் தடுமாறினேன். ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன். மாதிரிக்கு மாதிரி மாறுபடும் எழுத்திடங்களை மட்டும் எடுத்து, நான்கு எழுத்துகளுக்கும் 1 முதல் 4 வரை எண் கொடுங்கள். விடுபட்ட இடத்துக்கு -9. அருகருகே உள்ள எழுத்திடங்கள் ஒரே மூதாதையிடமிருந்து சேர்ந்தே வந்திருக்கலாம் என்று கொள்ளும் 'இணைப்பு' முறையில் கணிக்க, இவற்றுக்கு மேலே, ஒவ்வோர் இடமும் முந்தைய இடத்திலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று காட்டும் ஒரு தொலைவு வரியும் தேவை. ஏடிபி-ஏவில் 12, 15, 30 ஆகிய இடங்கள் மாறுபடுகின்றன என்று வைத்துக்கொண்டால் அவ்வரி -1, 3, 15 என்று தொடங்கும்; -1 என்றால் முந்தைய இடத்தோடு தொடர்பில்லாத புதுத் தொடக்கம். ஏடிபி-ஏ 627ஆம் எழுத்தோடு முடிந்து, 628இல் இஎஃப்பி தொடங்குகிறது. கோப்பில் அடுத்தடுத்து நிற்கும் இவ்விரண்டும், சுமார் 16 இலட்சம் எழுத்துகள் கொண்ட குரோமோசோமில் வெவ்வேறு இடங்களில் இருப்பவை. எனவே ஒவ்வொரு மரபணுவின் முதல் மாறுபடும் இடத்திலும் மீண்டும் -1 இட வேண்டும். நான் கோப்பின் தொடக்கத்தில் மட்டும் இட்டிருந்தேன். அதனால் ஒரே மூதாதைத் துண்டு ஒரு மரபணுவைக் கடந்து அடுத்ததிலும் தொடர்வதாக நிரல் எடுத்துக்கொண்டது. இரண்டு நாள் ஓடிய கணிப்பை அப்படியே கைவிட நேர்ந்தது. ஏழு மரபணுக்கள் என்றால் ஏழு -1. ஓட்டுவதற்கு முன் விரல்விட்டு எண்ணுங்கள்.

முதலில் கலப்பே இல்லை என்று கொள்ளும் முறையில் நிரலை ஓட்டிக் குழுக்களைப் பிரித்துக்கொண்டு, பிறகு இணைப்பு முறையில் ஒவ்வொரு கிருமியிலும் எந்த மூதாதையின் பங்கு எவ்வளவு என்று பாருங்கள். குழு எண்ணிக்கை ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஐந்து முறையாவது ஓட்டி, விடைகள் ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்த்த பின்பே நம்புங்கள்.

விடையைப் படிப்பதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் எனக்குப் பெரிதும் உதவின. ஆல்ப்ஸ் மலையில் 1991இல் கிடைத்த, 5,300 ஆண்டுப் பழமையான ஏட்சி என்ற பனிமனிதனின் வயிற்றிலிருந்த கிருமியின் மரபுத்தொகுதியை 2016இல் வெளியிட்டார்கள். இன்றைய ஐரோப்பியக் கிருமி ஆசிய, ஆப்பிரிக்க மூதாதைகளின் கலப்பு. ஏட்சியின் கிருமியோ இன்று மத்திய ஆசியாவிலும் தெற்காசியாவிலும் காணப்படும் வகையை ஒத்திருந்தது. ஆப்பிரிக்கக் கூறு அதில் மிகக் குறைவு. ஆகவே ஆப்பிரிக்க வகை ஐரோப்பாவுக்குள் பெருமளவில் வந்து கலந்தது அவர் காலத்துக்குப் பின்னர் என்று ஆய்வாளர்கள் கருதினர்.

மற்றொன்று மலேசியா. அங்குள்ள மலாய்க்காரரிடம் கண்ட கிருமிகளில் பெரும்பாலானவை இந்தியரின் கிருமியோடு ஒரே துணைக்குழுவில் சேர்ந்தன. அந்நாட்டு இந்தியரில் பெரும்பாலோர் தமிழர். இதைக் கண்டதும் மலாய்க்காரர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று எழுதிவிடத் தோன்றும்; அது பிழை. மலாய்க்காரரிடம் இத்தொற்று மிகக் குறைவு. அண்மைக் காலத்தில்தான் இந்தியரிடமிருந்து அவர்களுக்குத் தொற்றியது என்பதே 2009இல் வெளிவந்த ஆய்வின் முடிவு. எனவே மனிதரின் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ (தாய்வழியில் மட்டும் வரும் டிஎன்ஏ) முடிவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்காமல், ஒரு மக்கள்கூட்டம் எங்கிருந்து வந்தது என்று கிருமியை மட்டும் வைத்து எழுதாதீர்கள்.

பிற்சேர்க்கை: நிரல் பிழை காட்டி நின்றுவிடுவதாக வாசகர்கள் சிலர் எழுதியிருந்தார்கள். அமைப்புக் கோப்பில், ஓர் உயிரியில் குரோமோசோமின் படிகள் எத்தனை என்று சொல்லும் பிளாய்டி என்ற இடத்தில் மனிதருக்குரிய 2 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். பாக்டீரியாவுக்கு அது 1. அதை மாற்றாமல் மாதிரிகளின் எண்ணிக்கையைப் பாதியாக்கிச் சமாளித்தால் நிரல் ஓடும். ஆனால் இரண்டு நோயாளிகளின் கிருமிகளை ஒன்றாகவே படிக்கும்.