தோட்டம் கேரளத்தில், வீடு கம்பத்தில்: ஆட்களுக்குக் கூலியும் நேரமும் சட்டப்படி கணக்கு வைப்பது எப்படி

கம்பத்தில் வீடு, கேரளத்து வண்டன்மேட்டில் ஏலத்தோட்டம், கேரளத்துக் குமுளியில் ஒரு கடை, தமிழ்நாட்டு உத்தமபாளையத்தில் குடோன். எல்லையோரத்தில் பலருடைய தொழில் இப்படித்தான் இரண்டு மாநிலத்திலும் பரவிக் கிடக்கிறது. ஆட்களும் விடியும் முன்பே ஜீப்பில் கம்பம்மெட்டு ஏறி, சாயங்காலம் இறங்குகிறார்கள். கூலி விஷயத்தில் வழக்கு, நோட்டீஸ் என்று மாட்டுகிறவர்களில் பலர் ஏமாற்றும் எண்ணம் உள்ளவர்கள் அல்லர். எந்த மாநிலக் கணக்கு என்பதிலும், அன்றன்று எழுதி வைக்காததிலும்தான் கோட்டை விடுகிறார்கள்.

வேலை எங்கே நடக்கிறதோ அந்த மாநிலத்தின் குறைந்தபட்சக் கூலிதான் பொருந்தும். ஆள் தமிழ்நாட்டு ரேஷன் கார்டு வைத்திருக்கிறார், கூலி கம்பத்தில் வைத்துப் பேசியது, காசும் கம்பத்தில்தான் கைமாறுகிறது என்பதெல்லாம் எடுபடாது. கைலாசப்பாறையில் காய் எடுத்தால் கேரளக் கூலி. அதே ஆள் மறுநாள் உத்தமபாளையம் குடோனில் காய் தரம் பிரித்தால் அன்றைக்குத் தமிழ்நாட்டுக் கூலி. எனவே இரண்டு இடத்துக்கும் இரண்டு பதிவேடு வேண்டும். ஒரே நோட்டில் இரண்டையும் கலந்து எழுதினால், குறைந்த கூலி கொடுத்த நாட்களுக்கு விளக்கம் சொல்ல வழியில்லாமல் போகும்.

அடுத்தது, எந்தத் தொழில் பட்டியல் என்று பார்ப்பது. ஏலத்தோட்டம், கடை, ஓட்டல், மசாலா பதப்படுத்தல் என்று ஒவ்வொன்றுக்கும் தனி அறிவிப்பு உண்டு. அறிவிப்பில் அடிப்படைக் கூலி ஒன்று, அதன்மேல் பஞ்சப்படி ஒன்று. தமிழ்நாட்டில் பஞ்சப்படி ஆண்டுதோறும் ஏப்ரல் 1 அன்று மாறுகிறது. கேரளத்தில் விலைக் குறியீட்டை ஒட்டி இன்னும் அடிக்கடி மாறும். போன வருஷத் தொகையை அப்படியே கொடுத்துக்கொண்டிருப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. ஏப்ரல் முதல் வாரத்தில் ஒரு தடவை, கேரளப் பக்கத்துக்கு மாதந்தோறும் ஒரு தடவை தொழிலாளர் துறையின் இணையதளத்தைப் பார்த்து, அந்தத் தாளை அச்செடுத்துப் பதிவேட்டோடு சேர்த்து வைத்துவிடுங்கள்.

சட்டமே இப்போது மாறியிருக்கிறது. 1936, 1948, 1965, 1976 ஆண்டுகளின் நான்கு பழைய சட்டங்களை ஒன்றாக்கிய 2019 ஊதியச் சட்டத் தொகுப்பு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. பழைய சட்டத்தின் கீழ் வந்த கூலி அறிவிப்புகள், புதியதற்கு முரணாக இல்லாதவரை, தொடர்ந்து செல்லும். கடை, நிறுவனங்களுக்கான மாநிலச் சட்டங்கள் (தமிழ்நாட்டில் 1947, கேரளத்தில் 1960) தனியாக நிற்கின்றன.

இந்த மாற்றத்தில் மாதச் சம்பளக்காரர்கள் விஷயத்தில் கவனிக்க வேண்டியது பாதிக்குப் பாதி விதி. வீட்டு வாடகைப்படி, போக்குவரத்துப்படி போன்ற விலக்கப்பட்ட படிகள் மொத்தத்தில் 50 சதவீதத்தைத் தாண்டினால், தாண்டிய தொகை 'ஊதியம்' என்ற கணக்கிலேயே திரும்பச் சேர்ந்துவிடும். மொத்தம் 18,000 ரூபாய். அதில் அடிப்படையும் பஞ்சப்படியும் 7,000, வாடகைப்படி 5,000, போக்குவரத்து 6,000 என்று பிரித்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். படிகள் 11,000, பாதி 9,000. மிச்சம் 2,000 ஊதியத்தில் சேர்ந்து, ஊதியம் 9,000 ஆகும். அடிப்படையைச் சின்னதாகக் காட்டி மற்றதையெல்லாம் படியாக எழுதும் பழைய உத்தி இனி எடுபடாது.

நேரம்

பொது அளவு நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. ஏழு நாளில் ஒரு நாள் ஓய்வு. கடைகளில் 4 மணி நேர வேலைக்குப் பிறகு 1 மணி இடைவேளை. தோட்டத்தில் 5 மணி நேரத்துக்கு மேல் இடைவிடாமல் வேலை வாங்கக் கூடாது; குறைந்தது அரை மணி ஓய்வு வேண்டும்.

கடை வைத்திருப்பவர்கள் கவனிக்காமல் விடுவது இடைவேளையையும் சேர்த்த மொத்த நீட்டிப்பை. தமிழ்நாட்டில் அது 12 மணி, கேரளத்தில் பத்தரை மணி. தேக்கடிக்கு வருகிற கூட்டத்தை நம்பி குமுளியில் காலை 9 மணிக்குத் திறந்து இரவு 9 மணிக்கு மூடும் கடையில், திறப்பதும் மூடுவதும் ஒரே ஆள் என்றால், நடுவில் எத்தனை மணி நேரம் ஓய்வு கொடுத்தாலும் அது மீறல்தான். இரண்டு ஆட்களை நேரம் மாற்றிப் போடுவதைத் தவிர வழியில்லை. கடையில் உட்கார நாற்காலி வைப்பதும் இப்போது கட்டாயம்: கேரளத்தில் 2018-லும் தமிழ்நாட்டில் 2021-லும் அதற்கான திருத்தம் வந்தது.

தோட்டத்தில் பெரிய ஓட்டை ஸ்டோரில், அதாவது காயை உலர்த்தும் கட்டடத்தில், இருக்கிறது. பகலில் காய் வாங்கி எடை போட்ட அதே ஆள், ராத்திரி முழுக்க உலர்த்தும் அறைக்கு விறகு போட்டுச் சூடு பார்த்துக்கொண்டிருப்பார். பதிவேட்டில் அவருக்கு ஒரு நாள் கூலி மட்டும் இருக்கும். இடையிடையே தூங்கினார் என்று சொல்வது உதவாது. இடத்தை விட்டுப் போக முடியாமல் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தால் அது வேலை நேரம். நள்ளிரவைத் தாண்டிய மணிகளையும் அந்த முறை தொடங்கிய நாளின் கணக்கிலேயே எழுத வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு நாட்களிலும் எட்டு மணிக்குள் வந்தது போல ஒரு பொய்க் கணக்கு தானாகவே உருவாகிவிடும். ஸ்டோருக்கு இரவு ஆள் தனி, பகல் ஆள் தனி என்று வைத்தால் இந்தத் தலைவலியே இல்லை.

கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி. கணக்கு எளிது. மாதம் 13,000 ரூபாய் என்றால் 26 ஆல் வகுத்து நாளுக்கு 500. எட்டால் வகுத்தால் மணிக்கு 62 ரூபாய் 50 காசு. இரட்டிப்பு 125. இரண்டு மணி கூடுதல் என்றால் 250 ரூபாய். 30 ஆல் வகுத்து மணிக்கூலியைக் குறைப்பது தணிக்கையில் முதலில் கண்ணில் படும். வாரச் சம்பளக் கணக்கில் 'டீ செலவுக்கு' என்று 100 ரூபாய் கொடுத்ததைக் கூடுதல் நேரக் கூலி என்று பின்னால் சொல்ல முடியாது. தனிப் பத்தியில் எத்தனை மணி, என்ன வீதம் என்று இருக்க வேண்டும். வார ஓய்வு நாளில் வேலை வாங்கினாலும் இதே இரட்டை வீதம்தான் அடிப்படை.

தமிழ்நாட்டுப் பக்கத்தில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும், அதோடு ஐந்து பண்டிகை நாட்களும் கூலியோடு விடுமுறை. அந்த நாளில் வேலை என்றால் இரட்டைக் கூலி, அல்லது அன்றைய கூலியோடு வேறொரு நாள் கூலியுள்ள விடுமுறை.

கிலோக் கூலியும் மழையும்

காய் எடுப்பில் கிலோவுக்கு இவ்வளவு என்று பேசுவதில் தவறில்லை. ஆனால் எடுத்த கிலோவுக்கான தொகை அன்றைய குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போனால், மீதியை நீங்கள் நிரப்ப வேண்டும். காய் எடுப்புச் சுற்றின் கடைசியில், செடியில் காய் குறைந்திருக்கும் நாட்களில்தான் இது நடக்கும். நல்ல நாள் கிலோவையும் மோசமான நாள் கிலோவையும் வாரத்துக்குச் சேர்த்துச் சராசரி போடும் பழக்கத்தை விட்டுவிட்டு, ஒவ்வொரு நாளையும் தனியாகப் பாருங்கள்.

இடுக்கி மலையில் ஆடி மழை எத்தனை மணிக்கு அடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. எட்டு மணிக்கு ஆள் தோட்டத்தில் இறங்கி, பதினோரு மணிக்கு மழை பிடித்து, வேலையை நிறுத்தச் சொன்னால் அரை நாள் வருகை மட்டும் போடுவது ஊர் வழக்கம். சட்டம் வேறு மாதிரி சொல்கிறது: நாள் கூலிக்காரர் குறைந்த நேரம் வேலை செய்தாலும் முழு நாள் கூலி உண்டு. அவரே வேலை செய்ய விருப்பமில்லாமல் போனால்தான் அது இல்லை. வேறு விலக்கு ஏதாவது விதிகளில் சொல்லியிருந்தால் மட்டும் அதுவும் பொருந்தும். எனவே மழை நாளுக்கென்று ஸ்டோரில் காய் தரம் பிரித்தல், சாக்கு தைத்தல் என்று கூரைக்குக் கீழே செய்யும் வேலையை முன்கூட்டியே ஒதுக்கி வைப்பது லாபம். வேலை கொடுத்தும் ஒருவர் கிளம்பிவிட்டால், கிளம்பிய நேரத்தை எழுதி அவரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

ஆண் கூலி, பெண் கூலி என்று இரண்டு வீதம் சொல்லும் பழக்கமும் இங்கே இன்னும் இருக்கிறது. மருந்தடிப்புக்கு ஒரு வீதம், காய் எடுப்புக்கு வேறு வீதம் என்று வேலையை வைத்துப் பிரிக்கலாம். களையெடுப்பில் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து வரிசையில் நிற்கும்போது, அவருக்கு ஒன்று அந்தம்மாவுக்கு ஒன்று என்று கொடுக்க முடியாது. பள்ளி விடுமுறையில் அம்மாவோடு வரும் 14 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளின் கையில் கூடையே கொடுக்காதீர்கள்.

பிடித்தம்

எல்லாப் பிடித்தமும் சேர்ந்து அந்தச் சம்பள காலத்தின் ஊதியத்தில் 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அட்வான்ஸ், வீடு, சேமநிதி, ஈஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) எல்லாம் இதற்குள் அடக்கம். அபராதம் போடுவதானால் 3 சதவீதம்தான் உச்சம். முதலில் அவர் பக்கத்து விளக்கத்தைக் கேட்க வேண்டும், தவணையாகப் பிடிக்கக் கூடாது, விதித்து 90 நாள் கடந்தால் பிடிக்கவே முடியாது. கத்தி, கூடை போன்ற வேலைச் சாமான்களுக்குப் பிடித்தம் கிடையாது. ஜீப் வாடகையைக் கூலியில் கழிப்பதும் வம்பு. அரசு அனுமதித்த சேவை என்று காட்ட முடிந்தால் மட்டுமே அது நிற்கும். தீபாவளிக்குக் கொடுத்த அட்வான்ஸைச் சொல்லி, முடியும்வரை வேறு தோட்டத்துக்குப் போகக் கூடாது என்று கட்டுப்படுத்தினால் அது 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின் வாசலுக்குப் போய்விடும். அட்வான்ஸ் திரும்ப வராமல் போகலாம் என்று நினைத்தே கொடுக்க வேண்டியிருக்கிறது, அதுதான் நிலைமை.

ஜீப்காரரே ஆள் பிடித்து வந்து, பன்னிரண்டு பேருக்கும் சேர்த்துப் பணம் வாங்கிப் பிரித்துக் கொடுக்கும் ஏற்பாட்டைத் தவிர்த்துவிடுங்கள். நடுவில் அவர் எடுத்துக்கொண்டது போக ஆள் கையில் வந்தது குறைவாக இருந்தால், பாக்கிக்குப் பொறுப்பு கடைசியில் தோட்டக்காரர்தான். கூலியை ஒவ்வொருவர் வங்கிக் கணக்கிலும் போட்டு, ஜீப் வாடகையைத் தனி ரசீதில் கொடுங்கள். குமுளியில் லாரி ஏற்றி இறக்குவது வேறு கதை: அது கேரளத்தின் 1978 சுமைத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் வருகிறது, நிர்ணயித்த வீதத்துக்கு ரசீது கேட்டு வாங்குங்கள். வேலை செய்யாமல் கேட்கும் நோக்குகூலி 2018 மே 1 முதல் தடை.

சம்பள நாள்

நாள் கூலி அந்த முறை முடிந்ததும். வாரக் கூலி வார ஓய்வு நாளுக்கு முன், கடைசி வேலை நாளில். பதினைந்து நாள் கூலி, முடிந்த இரண்டாம் நாளுக்குள். மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள். ஆள் நிற்க வேண்டும் என்பதற்காக முதல் வாரச் சம்பளத்தைக் கையில் பிடித்து வைப்பது இந்தப் பக்கம் சர்வ சாதாரணம். ஒவ்வொரு வாரமும் அது ஒரு தாமதம்தான். ஒருவர் வேலையை விட்டாலும், நீங்களே நிறுத்தினாலும் இரண்டு வேலை நாளுக்குள் கணக்கைத் தீர்க்க வேண்டும்.

20 பேரோ அதற்கு மேலோ இருந்தால் போனஸ் உண்டு, குறைந்தது 8.33 சதவீதம். ஈஎஸ்ஐ 10 பேரிலிருந்து, மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குபவர்களுக்கு: ஆள் பங்கு 0.75, உங்கள் பங்கு 3.25 சதவீதம். சேமநிதி 20 பேரிலிருந்து. இரண்டுக்கும் கட்டும் கெடு அடுத்த மாதம் 15.

பதிவேடும் பரிசோதனையும்

பதிவேட்டில் ஒரு வரிக்கு வேண்டியவை: பெயர், வேலை, இடம், வந்த நேரம், இடைவேளை, போன நேரம், கிலோ, வீதம், கூடுதல் மணி, பிடித்தம், காரணம், கையில் கொடுத்தது, கையெழுத்து. வந்த நேரத்தை ஜீப் வந்து நின்றவுடன் எழுதச் சொல்லுங்கள். சனிக்கிழமை உட்கார்ந்து வாரம் முழுவதையும் ஒரே பேனாவில் எழுதிய பதிவேட்டை அனுபவமுள்ள அதிகாரி முதல் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்: எல்லா நாளும் 8.00 – 5.00, மழை நாளிலும் அதே. கூலி கொடுத்தேன் என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்கள்மேல்தான் இருக்கிறது.

சம்பளத்தோடு ஒரு சம்பளச் சீட்டு கொடுக்க வேண்டும். போனில் அனுப்பினாலும் சரி. கூலி வீதம், சம்பள நாள், தொழிலாளர் துறை அதிகாரியின் முகவரி எழுதிய பலகை தோட்டத்தில் தொங்க வேண்டும். மலையாளத்தில் மட்டும் போதாது; வேலை செய்பவர்கள் தமிழர்கள் என்றால் தமிழிலும் எழுதுங்கள். விவசாயத்துக்கு ஐந்து பேருக்கு மேல் வைத்திராதவர்களுக்குப் பதிவேடு கட்டாயமில்லை. கேட்டால் கூலி கொடுத்ததற்கு அத்தாட்சி காட்டினால் போதும்.

ஆள் மூன்று ஆண்டுக்குள் கூலி பாக்கி கேட்டு மனு போடலாம். பாக்கியோடு அதன் பத்து மடங்கு வரை நஷ்டஈடு விதிக்க இடமுண்டு. எனவே பதிவேட்டை ஐந்து ஆண்டாவது பத்திரப்படுத்துங்கள். கூலி குறைத்துக் கொடுத்தால் அபராதம் 50,000 ரூபாய் வரை. ஐந்து ஆண்டுக்குள் மறுபடி அதே தவறு என்றால் மூன்று மாதச் சிறை அல்லது ஒரு லட்சம், அல்லது இரண்டும். பதிவேடு இல்லாததற்கு 10,000 வரை.

பதிவேடு போன்ற மற்றத் தவறுகளில் முதல் தடவை என்றால், வழக்குக்கு முன் அதிகாரி எழுத்தில் உத்தரவு கொடுத்துச் சரிசெய்யக் கால அவகாசம் தர வேண்டும்; கூலி குறைத்துக் கொடுத்ததற்கு இந்த அவகாசம் கட்டாயமில்லை. எந்த நோட்டீஸ் கைக்கு வந்தாலும், பாக்கி இருந்தால் ஆள் ஆளாகப் பாக்கியைக் கணக்குப் போட்டு வங்கியில் செலுத்தி, வங்கிப் பட்டியலையும் திருத்திய வீதத் தாளையும் இணைத்துக் கெடுவுக்குள் பதில் கொடுங்கள். நகலில் அலுவலக முத்திரையோடு தேதி போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.