கிரேக்கத் துதிப்பாட்டைக் கைதட்டிப் படிப்பது எப்படி?

கல்யாண வீட்டு மேடையில் வாசிப்பவர்களை 'ஆர்கெஸ்ட்ரா' என்கிறோம். சினிமாப் பாட்டில் பின்னால் சேர்ந்து பாடுகிறவர்கள் 'கோரஸ்'. இரண்டுமே பழைய கிரேக்கத்தில் ஆட்டத்தோடு ஒட்டிய சொற்கள். கோரோஸ் என்றால் பாடிக்கொண்டே ஆடும் குழு. ஓர்கேஸ்த்ரா என்றால் அந்தக் குழு ஆடிய தரை. பாட்டு மட்டும் எங்கள் வேலை, கால் சும்மா இருக்கும் என்று சொல்லும் கோரஸை அந்த ஊர்க்காரர்களால் நினைத்துப் பார்த்திருக்கவே முடியாது.

இந்தப் பாடத்தின் முடிவில், மெட்டோடு கல்லில் வெட்டப்பட்ட ஒரு கிரேக்கத் துதிப்பாட்டின் முதல் அடியை நீங்கள் தாளம் தப்பாமல் சொல்லப் போகிறீர்கள். கிரேக்க எழுத்து தெரிய வேண்டாம். இரண்டு கைகளும் அரை மணி நேரமும் போதும்.

படி 1: 'ஹும்னோஸ்' என்ற சொல்லை இரண்டு அளவில் பிடியுங்கள்

ஆங்கிலம் வழியாக நமக்கு வந்த 'ஹிம்' (hymn) இதுதான். பழைய கவிஞர்கள் எந்தப் புகழ்ப்பாட்டையும் ஹும்னோஸ் என்று சொல்லிவிடுவார்கள். பிளேட்டோ தன் 'சட்டங்கள்' நூலில் கொஞ்சம் கறாராகப் பிரிக்கிறார்: தெய்வங்களை நோக்கிய வேண்டுதல் ஹும்னோஸ், அதற்கு நேர் எதிர் இறந்தவருக்கான த்ரேனோஸ், அதாவது ஒப்பாரி, பையான் (அடுத்த படியில் வருகிறது) ஒரு வகை, மதுத் தெய்வம் டியோனீசஸின் பிறப்பைப் பாடும் டிதிராம்போஸ் இன்னொரு வகை. படிக்கும்போது எழுதியவர் பரந்த பொருளில் சொல்கிறாரா, குறுகிய பொருளில் சொல்கிறாரா என்று மட்டும் பாருங்கள். இதற்கு மேல் இங்கே நிற்க வேண்டாம்.

படி 2: கூவலைத் தேடுங்கள்

கையில் ஒரு பாட்டு கிடைத்ததும் நான் முதலில் பார்ப்பது அதன் பல்லவி போன்ற கூவலை. கிரேக்கத்தில் அதற்கு எஃபும்னியோன் என்று பெயர். 'இயே பையான்!' என்று வந்தால் பெரும்பாலும் அது பையான். பெரும்பாலும் அப்பல்லோ என்ற தெய்வத்துக்கு, இல்லாவிட்டால் அவர் மகன் மருத்துவத் தெய்வம் அஸ்க்லேப்பியோஸுக்கு. பையான் என்பதே முதலில் நோய் தீர்க்கும் ஒரு தெய்வத்தின் பெயர். கிரீட் தீவின் நோசோஸில் கிடைத்த களிமண் பலகைகளில், லீனியர் பி என்ற மிகப் பழைய கிரேக்க எழுத்தில், அந்தப் பெயர் இருக்கிறது. ஹோமரின் இலியத் காவியத்தின் முதல் பகுதியில் கொள்ளைநோய் நின்றதும் கிரேக்க வீரர்கள் பகல் முழுக்கப் பாடுவது பையான்தான். சலாமிஸ் கடற்போரில், கி.மு. 480இல், பாரசீகக் கப்பல்களை நோக்கிப் போனபோது பாடியதும் பையான். நோய்க்கும் போருக்கும் ஒரே பாட்டா என்றால், ஆமாம். இரண்டிலும் உயிர் பிழைக்க வேண்டுமே.

கிரீட்டின் பலைகாஸ்ட்ரோவில் 1904இல் கிடைத்த கல்வெட்டில் வேறு கூவல் இருக்கிறது: 'இயோ, மெகிஸ்தே கூரே', 'ஓ, எல்லாரிலும் பெரிய இளைஞனே'. அது தெய்வங்களின் அரசன் ஸியுஸை அழைக்கும் பாட்டு. எங்கள் மந்தைகளுக்குள் குதி, வயல்களுக்குள் குதி, நகரங்களுக்குள் குதி என்று கேட்கிறது.

இந்தக் கூவல் எவ்வளவு பெரிய விஷயம் என்று காட்ட ஒரு வழக்கைச் சொல்கிறேன். அரிஸ்டாட்டில் தன் நண்பர் ஹெர்மியாஸ் இறந்த பிறகு அவர் நினைவாக ஒரு பாட்டு எழுதினார். அலெக்சாண்டர் கி.மு. 323இல் இறந்ததும், ஏதென்ஸில் அரிஸ்டாட்டில் மேல் தெய்வநிந்தைக் குற்றச்சாட்டு வந்தது: செத்துப்போன மனிதனுக்குப் பையான் பாடிவிட்டார் என்று. அவர் ஊரை விட்டே போய்விட்டார். பல நூற்றாண்டு கழித்து அதேனயோஸ் எழுதிய விருந்து நூலில் ஒரு பாத்திரம் அவருக்காக வாதாடுகிறது. வாதம் ரொம்ப எளிது: அந்தப் பாட்டில் பையான் கூவல் எங்கே இருக்கிறது, காட்டுங்கள்!

ஆனால் கூவலை மட்டும் நம்பினால் சறுக்கவும் வாய்ப்புண்டு. கவிஞர் பக்குலிதேஸ் எழுதிய ஒரு பாட்டை அலெக்சாந்திரியா அறிஞர் கல்லிமகோஸ் பையான்களோடு சேர்த்து வைத்தார். பின்னால் வந்த அரிஸ்டார்கோஸ் மறுத்தார்: இதில் ட்ராய் இளவரசி கசாந்திராவின் கதை வருகிறது, இது டிதிராம்போஸ், அந்தக் கூவல் இரண்டுக்கும் பொது என்றார். இருவருமே கவிதையை வரிசைப்படுத்துவதில் கரைகண்டவர்கள். அவர்களுக்கே குழப்பம் என்றால் நமக்கு என்ன வெட்கம்?

படி 3: குழு நிற்கிறதா, நடக்கிறதா, வட்டமாக இருக்கிறதா?

பலிபீடத்தை நோக்கி நடந்துகொண்டே பாடினால் ப்ரோசோடியோன், ஊர்வலப்பாட்டு. பலிபீடத்தின் முன் நின்று பாடினால் குறுகிய பொருளில் ஹும்னோஸ். கன்னிப்பெண்கள் பாடி ஆடினால் பார்தெனேயோன். ஸ்பார்ட்டாவின் கவிஞர் அல்க்மன் எழுதிய ஒன்று எகிப்தில் 1855இல் பாப்பிரஸ் தாளில் கிடைத்தது. அதில் பெண்கள் தங்களுக்குள் யார் அழகு என்று ஒருவரையொருவர் சீண்டிக்கொள்வதைப் படித்தால் துதிப்பாட்டு மேல் இருக்கும் பயம் போய்விடும்.

வட்டமாக நின்றால் டிதிராம்போஸ். ஏதென்ஸின் பெரிய டியோனீசஸ் விழாவில் பத்துக் குலங்கள் போட்டியிட்டன. ஒவ்வொரு குலத்துக்கும் 50 ஆண்கள் கொண்ட குழு ஒன்று, 50 சிறுவர் கொண்ட குழு ஒன்று. ஆக ஒரே விழாவில் 1,000 பேர் பாடினார்கள். செலவு ஏற்ற பணக்காரருக்கு கோரேகோஸ் என்று பெயர். கவனம்: ஸ்பார்ட்டாவில் அதே சொல் குழுவை முன்னின்று நடத்தும் ஆளைக் குறிக்கும்.

படி 4: வாத்தியத்தைச் சரியாகக் கேளுங்கள்

ஆவ்லோஸ் என்ற வாத்தியத்தை ஆங்கிலப் புத்தகங்கள் பல 'ஃப்ளூட்' என்று மொழிபெயர்த்துவிட்டன. நானும் ரொம்ப நாள் புல்லாங்குழல் ஓசையை மனதில் வைத்துக்கொண்டே படித்தேன். தப்பு. அது சீவாளி வைத்து ஊதும் இரட்டைக் குழல். ஓசையில் நாகசுரத்துக்குத்தான் உறவு. கன்னம் தாங்க வாயைச் சுற்றித் தோல் பட்டைகூடக் கட்டிக்கொள்வார்கள். இன்னொன்று கிதாரா: மரப்பெட்டி உடல், ஏழு நரம்பு, அப்பல்லோவுக்கு உகந்தது.

படி 5: திரும்புங்கள்

எழுந்து நில்லுங்கள். ஸ்ட்ரோஃபே என்றால் திரும்புதல். ஒரு பக்கம் திரும்பி ஒரு பகுதி. அன்டிஸ்ட்ரோஃபே, எதிர்ப்பக்கம் திரும்பி அதே சந்தத்தில் அடுத்த பகுதி. அப்புறம் நின்று பாடுவது எபோடோஸ், சந்தம் வேறு. பழைய உரைகாரர்கள் இப்படித்தான் விளக்குகிறார்கள். கவிஞர் பிண்டாரின் வெற்றிப்பாட்டுகளில் பெரும்பாலானவை இந்த மூன்றின் அடுக்கு. நம் பாட்டில் சரணம் மாறினாலும் மெட்டு மாறாதது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: தட்டுங்கள்

இதுதான் எனக்குப் பிடித்த இடம். அப்பல்லோவின் கோயில் ஊரான தெல்ஃபியில் ஏதென்ஸ்காரர்களின் கருவூலக் கட்டடச் சுவரில் இருந்த கற்களை 1893இல் பிரெஞ்சு அகழ்வாளர்கள் கண்டெடுத்தார்கள். அதில் அப்பல்லோவுக்கான இரண்டு பாட்டுகள், கி.மு. 128ஐ ஒட்டியவை, சொற்களுக்கு மேலே சுரக்குறிகளோடு. அடுத்த வருடமே பாரிஸில், ஒலிம்பிக் குழுவைத் தொடங்கிய மாநாட்டில், முதல் பாட்டை பிரெஞ்சு இசையமைப்பாளர் கபிரியேல் ஃபோரே அமைத்த பக்க இசையோடு பாடிக் காட்டினார்கள்.

நமக்கு ஒரு வசதி உண்டு. கிரேக்கத்தில் எ–ஏ, ஒ–ஓ வேறுபாடு இருக்கிறது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. ஒரே ஒரு வித்தியாசம்: நம் இலக்கணத்தில் ஒற்றுக்கு அரை மாத்திரை, அங்கே குறிலை ஒரு மெய் மூடினால் முழுசாக இரண்டு. இதோ முதல் அடி, சில இடங்களில் கல் உடைந்து அறிஞர்கள் நிரப்பியது. சொல் எங்கே முடிகிறது என்று பார்க்காமல் அசை அசையாகப் பிரித்திருக்கிறேன்:

கெக்-லு-தெ-லி / கோ-ன-ப-து / தென்-ட்ரொ-னாய் / ல-கெ-தெ-தி-யொ / செ-ரி-ப்ரொ-மூ / து-க-த்ரெ-செவ் / ஓ-லெ-னொய்

பொருள்: 'அடர்ந்த மரங்கள் சூழ்ந்த ஹெலிகோன் மலையைப் பங்காகப் பெற்ற, பேரிடி முழக்கும் ஸியுஸின் அழகிய கைகளையுடைய மகள்களே, கேளுங்கள்.' கலைமகளிரை அழைக்கிறார்கள்.

எண்ணிப் பாருங்கள்: 2111 / 2111 / 212 / 11111 / 1112 / 1112 / 212. ஏழு கூறுகள், ஒவ்வொன்றும் ஐந்து மாத்திரை. கண்ட சாபு தட்டிப் பழகியவர்கள் இப்போது சிரிப்பார்கள். ஆனால் 'தக தகிட' என்று தட்டினால் ஒட்டாது. திருப்பிப் போடுங்கள்: 'தகிட தக', மூன்றும் இரண்டும். 212இல் முதல் நெடிலும் குறிலும் சேர்ந்து மூன்று, கடைசி நெடில் இரண்டு. எல்லாக் கூறும் இப்படி வெட்டுப்படும். முதல் மாத்திரையிலும் நான்காவதிலும் தட்டு. மெதுவாக ஐந்து தடவை சொல்லுங்கள். நான்காவது கூறில் ஐந்து குறில் ஓடும்போது நாக்கு தடுக்கும், பரவாயில்லை.

படி 7: குரலை ஏற்றுங்கள்

பழைய கிரேக்கத்தில் சொல்லுக்கு ஓர் அசை குரல் உயர்ந்து ஒலிக்கும். இந்தப் பாட்டின் மெட்டு அதை மதிக்கிறது: உயர வேண்டிய அசையை விட அதே சொல்லின் வேறு எந்த அசையும் மேலே போகாது. 'பதுதென்ட்ரொன்' என்பதில் 'து', 'லகெதெ'வில் 'ல', 'எரிப்ரொமூ'வில் 'ப்ரொ'. அங்கெல்லாம் குரலைக் கொஞ்சம் தூக்குங்கள். படி 5இல் பார்த்த மாதிரி ஒரே மெட்டு இரண்டு பகுதிக்கும் வந்தால் இதைக் காப்பாற்ற முடியாது. இந்தப் பாட்டில் அந்த அடுக்கு இல்லாததால் முடிகிறது.

ஓர் அசை இரண்டு சுரத்தில் நீண்டால் கல்வெட்டுக்காரர் உயிரெழுத்தை இரட்டித்து வெட்டுகிறார்: 'ஃபொய்பொன்' அங்கே 'ஃபொயொய்பொன்' ஆகிறது. 'உழாஅர்' என்று அளபெடை படித்த நமக்கு இது புதிதா என்ன?

வீட்டுப்பாடம்

அடுத்த அடியை நீங்களே வெட்டிப் பாருங்கள்: 'மொலெதெ சுனொமாய்மொன் ஹின ஃபொய்பொன் ஓதாய்சி மெல்ப்சேதெ க்ரூசெயொகொமான்'. 'வாருங்கள், உங்கள் உடன்பிறப்பான பொன்முடி ஃபொய்பொஸைப் பாட்டுகளால் பாடுங்கள்' என்று பொருள். ஒரு மெய்க்குப் பின் உயிர் வந்தால் அந்த மெய் அடுத்த அசையோடு போய்விடும், ஹகரம் இடையில் வந்தாலும் அப்படித்தான். அதை மறந்தால் கணக்கு இடிக்கும். ஃபொய்பொஸ் அப்பல்லோவின் இன்னொரு பெயர். பழைய உச்சரிப்பில் அது ஃப அல்ல, காற்றுச் சேர்ந்த ப. அதனால் தமிழில் எழுதினால் 'பொய்' என்றே தொடங்க வேண்டும். பிண்டாரோ, பொய் தீண்டாத தெய்வம் என்று அவரைப் பாடுகிறார்.

விடை: 11111 / 2111 / 212 / 212 / 212 / 1112.