குதிரை நொண்டுகிறதா? தசைநாணைத் தொட்டுப் பார்ப்பது எப்படி

முதலில் குளம்பைத் தூக்கிப் பாருங்கள். கல், ஆணி, சீழ் எதுவும் இல்லையென்றால் அடுத்து முழங்காலுக்குக் கீழே வாருங்கள். அங்கே தசை என்று சொல்ல ஒன்றும் இல்லை. எலும்பு, தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்க்கயிறு), தோல், அவ்வளவுதான். உடல் எடையில் சுமார் 60 சதவீதம் முன்னங்கால்களில் இறங்குவதால் காயமும் பெரும்பாலும் அங்கேதான்.

1. கையால் பாருங்கள். குதிரை நிற்கும்போது காலின் பின்பக்கம் உள்ளங்கையை வைத்து, சூடு தெரிகிறதா என்று பாருங்கள். அப்புறம் காலை மடக்கித் தூக்குங்கள்; தசைநாண் தளரும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, முழங்காலிலிருந்து கீழ் மூட்டு வரை அங்குலம் அங்குலமாக அழுத்தி வாருங்கள். நல்ல தசைநாணின் ஓரம் கயிறு போலத் தெளிவாகத் தட்டுப்படும். காயப்பட்டது தடித்து, ஓரம் மழுங்கி இருக்கும்; அழுத்தினால் குதிரை காலை இழுத்துக்கொள்ளும். மற்ற காலையும் இதேபோலப் பாருங்கள். நல்ல நாளிலேயே தினமும் தடவிப் பழகிய கைக்குத்தான் சின்ன வித்தியாசம் பிடிபடும்.

2. முதல் 2 நாள். லாயத்திலேயே நிறுத்துங்கள். குளிர்ந்த நீரை ஒவ்வொரு தடவையும் 20 நிமிடம், நாளுக்குச் சில தடவை காலில் ஊற்றுங்கள். நீங்களாக வலி மருந்து கொடுக்காதீர்கள். வலி அடங்கினால் குதிரை அந்தக் காலில் முழு எடையையும் போட்டுவிடும்.

3. ஸ்கேன். மருத்துவரை உடனே அழையுங்கள். ஆனால் அல்ட்ராசவுண்டில் கிழிசலின் முழு அளவு தெரியச் சுமார் ஒரு வாரம் ஆகலாம். முதல் நாள் படம் நன்றாக இருந்தது என்று நிம்மதியாகிவிட வேண்டாம். காயம் குளம்புக்குள்ளே இருந்தால் வெளியே வீக்கமே இருக்காது. நரம்பை மரக்கச் செய்யும் ஊசி போட்டதும் நொண்டல் நின்றால் வலி பாதத்தில்தான் என்று தெரியும். எக்ஸ்ரேயில் தசைநாண் தெரியாது, எம்.ஆர்.ஐ.தான் வழி.

4. எப்போது தேறும்? காலின் பின்புறத் தசைநாண் என்றால் பெரும்பாலும் 9 முதல் 12 மாதம். குளம்புக்குள் ஓடும் ஆழ்தசைநாண் கிழிந்திருந்தால் 6 மாதத்துக்குக் குறையாத ஓய்வு வேண்டும். அப்படியும் பல குதிரைகள் பழைய வேலைக்குத் திரும்புவதில்லை.

நொண்டல் சில வாரங்களிலேயே மறைந்துவிடும். குதிரை துள்ளும், உங்களுக்கும் ஆசை வரும். உள்ளே ஆறிய இடத்தில் இருப்பதோ பலம் குறைந்த புது நார். ஓடவிட்டால் மறுபடி கிழியும். மருத்துவர் சொன்ன பிறகு கையில் பிடித்து 5, 10 நிமிட நடை, பின்பு மெல்ல மெல்லக் கூட்டுங்கள். ட்ராட்டுக்கு (நடைக்கும் ஓட்டத்துக்கும் நடுவிலான துள்ளுநடை) மாற்றும் முன் ஒரு ஸ்கேன், ஓட்டத்துக்கு முன் இன்னொன்று. இந்தத் தேதிகளை லாயக் கதவிலேயே எழுதி ஒட்டுங்கள், குதிரையை வெளியே எடுப்பவர் யாராக இருந்தாலும் கண்ணில் படட்டும்.