கனி மேசைக்குக் காகிதச் சரக்கொன்றை: குறைந்த செலவில் செய்யும் முறை

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் உள்ள சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழ் வீடுகள் பலவற்றில் தமிழ்ப் புத்தாண்டுக்குச் சித்திரைக் கனியும் வைப்பார்கள், மலையாளிகளின் விஷுவுக்கு விஷுக் கனியும் வைப்பார்கள். கனி என்பது விடியலில் கண் விழித்ததும் முதலில் காண்பதற்காக அடுக்கி வைக்கும் மங்கலப் பொருள்கள். இரண்டும் ஒரே நாளில் வரும் ஆண்டுகள் உண்டு. சூரியன் மேஷ ராசியில் நுழையும் நேரத்தை வைத்து நாள் குறிக்கும் முறை வேறுபடுவதால், 2023இல் வந்ததுபோல் புத்தாண்டு ஏப்ரல் 14ஆம் தேதியும் விஷு 15ஆம் தேதியும் அமைவதும் உண்டு. அப்படிப்பட்ட ஆண்டில் ஒரே கனி இரண்டு விடியற்காலைகளுக்கு நிற்க வேண்டும். மாங்காயும் பலாவும் கனிவெள்ளரியும் நிற்கும், சரக்கொன்றை நிற்காது. பறித்து வைத்த சில மணி நேரத்திலேயே இதழ்கள் சுருங்கி உதிரத் தொடங்கிவிடும். வெயில் முந்திக்கொண்ட ஆண்டுகளிலோ, சித்திரை பிறப்பதற்குள் மரமே பூத்து ஓய்ந்திருக்கும். இந்தக் குறையைத் தீர்க்கக் கடைகளில் இப்போது பிளாஸ்டிக் கொன்றை வந்துவிட்டது. கனி காண்பவர் கண் முதலில் விழும் இடத்தில் அதை வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. கிரேப் காகிதத்தில் நாமே செய்யும் கொத்து அதைவிட மலிவு. பார்வைக்கும் உயிரோடு இருக்கும்.

வேண்டியவை: மஞ்சள் கிரேப் காகிதம் ஒரு சுருள், இளம்பச்சையில் ஒரு சிறு துண்டு, பச்சைத் தையல் நூல், கூர்மையான சிறு கத்தரிக்கோல், தென்னை ஈர்க்குகள். துணி வெட்டும் பெரிய கத்தரிக்கோல் இந்த வேலைக்கு ஆகாது. இதழின் வளைவில் அது திரும்பாது. பசை அநேகமாகத் தேவைப்படாது. மைதாப் பசையை அறவே தவிர்த்துவிடுங்கள். அதன் ஈரம் பட்ட இடத்தில் காகிதத்தின் சாயம் கரைந்து திட்டுத் திட்டாகிவிடும். பூக்கட்டிப் பழகியவர்களுக்குக் கை தானாக வாழைநாரைத் தேடும். நனைத்த நாரும் அதே கெடுதலைச் செய்யும் என்பதால் உலர்ந்த நூலே நல்லது.

ஈர்க்கைத் துடைப்பத்திலிருந்து உருவாதீர்கள். காய்ந்த ஈர்க்கு விறைத்து நிற்கும், வளைத்தால் ஒடியும். பச்சை ஓலையிலிருந்து கிழித்தெடுத்த ஈர்க்கு ஒரு முழ நீளம் இருந்தால், அதன் மெல்லிய நுனி பூக்களின் பாரத்தில் தானாகத் தொங்கும். சரக்கொன்றையின் அழகே அந்தத் தொங்கலில்தான் இருக்கிறது.

இனி இதழ். செய்பவர்களில் பலர் தடுமாறுவது இங்கேதான், ஆகவே நிதானமாகப் படியுங்கள். கிரேப் காகிதத்தைக் கையில் எடுத்துப் பார்த்தால் மெல்லிய சுருக்கங்கள் ஒரே திசையில் வரிவரியாக ஓடுவது தெரியும். அந்த வரிகளின் போக்கில் இழுத்தால் காகிதம் நீளாது. குறுக்கே இழுத்தால் நீளும். இதழின் அடியிலிருந்து நுனிவரை வரிகள் நெடுக்காக ஓடும்படி வெட்டினால்தான் அதைக் குழிவாக்க முடியும். திசை மாறினால் எவ்வளவு கவனமாக வெட்டினாலும் இதழ் தட்டையாகக் கிடக்கும், அழுத்தினால் கிழியும். இதற்கு எளிய வழி, சுருளைப் பிரிக்காமல் அதன் முனையிலிருந்து 3 செ.மீ. அகலத்துக்கு ஒரு வளையமாக நறுக்கிக்கொள்வது. அதைப் பிரித்தால் கிடைக்கும் நாடாவில் வரிகள் குறுக்காக, அதாவது இதழின் உயரத்துக்குச் சரியாக அமைந்திருக்கும். நாடாவை 2 செ.மீ. அகலத்துக்கு முன்னும் பின்னுமாக மடித்து, மேற்பாதியை முட்டை வடிவிலும் அடியைக் குறுகலாகவும் வெட்டினால் பல இதழ்கள் ஒன்றாகக் கிடைத்துவிடும்.

ஒவ்வோர் இதழையும் இரு கட்டைவிரல்களும் நடுவில் படும்படி பிடித்து, பக்கவாட்டில் மெல்ல அகட்டுங்கள். நடுப்பகுதி மட்டும் விரிந்து உள்ளங்கை போலக் குழியும். ஓரத்தைத் தொடாதீர்கள், ஓரம் விரிந்தால் இதழ் அலையலையாகிச் செவ்வந்தியின் சாயல் வந்துவிடும்.

கொன்றைக்கு ஐந்து இதழ்கள். பூவின் நடுவில் உள்ள பத்து மகரந்தத் தாள்களில் மூன்று மட்டும் நீண்டு வளைந்து வெளியே தெரியும். அந்த மூன்றைச் செய்தால் போதும். மஞ்சள் காகிதத்தில் மெல்லிய கீற்றுகளை விரலால் முறுக்கி வளைத்து, அவற்றைச் சுற்றி ஐந்து இதழ்களையும் குழிவு உள்நோக்கி இருக்குமாறு ஒன்றையொன்று சற்றே மூட வைத்து, அடியை நூலால் இறுக்கிக் கட்டுங்கள். நூலில் ஒரு விரல் நீளத்தை விட்டே அறுங்கள். ஈர்க்கில் கட்ட அதுவே உதவும்.

கொத்தில் பூக்கள் அடியிலிருந்து நுனி நோக்கி மலர்கின்றன. ஆகவே ஈர்க்கின் மெல்லிய நுனியில் மிளகளவு பச்சை உருண்டைகள், அடுத்துக் கொண்டைக்கடலை அளவில் மஞ்சள் மொட்டுகள், பிறகு பாதி விரிந்தவை, தடித்த பக்கத்தில் முழுப் பூக்கள் என்ற வரிசையில் கட்டிக்கொண்டு வாருங்கள். காம்புகள் எல்லாப் பக்கமும் திரும்பியிருக்கட்டும். ஒரு கொத்துக்குப் பன்னிரண்டு பூக்களும் எட்டு மொட்டுகளும் தாராளம். ஒரு மேசைக்கு மூன்று கொத்துகள் போதும். முடிச்சுகளின்மேல் பச்சைக் காகிதக் கீற்றைச் சுற்றி மறைத்துவிடுங்கள், ஏனென்றால் பின்னால் வைக்கும் கண்ணாடி எல்லாவற்றையும் காட்டிவிடும்.

மேசைமேல் கோடி வேட்டியை விரித்து, அதன் சரிகைக்கரை முன்பக்கம் விழும்படி விடுங்கள். பித்தளைச் சொம்பு நிறையப் பச்சரிசி நிரப்பி, அதில் ஈர்க்குகளைச் சாய்வாகக் குத்தினால் அசையாமல் நிற்கும். காசும் குங்குமமும் வைக்க, உப்புத்தாளால் நாரைத் தேய்த்துத் தேங்காய் எண்ணெய் பூசிய சிரட்டைகள் அழகாக இருக்கும். உருளாதிருக்க அடியில் கயிற்றுப் பிரிமணை வேண்டும். கழுவிய பழங்களை நன்றாகத் துடைத்த பிறகே அருகில் வையுங்கள்.

விளக்கைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். இது காகிதம். குத்துவிளக்கு முன்னாலும் கொத்துகள் இரண்டு முழமாவது பின்னாலும் இருக்கட்டும், மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். மேசை சிறியதென்றால் விளக்கைத் தரையில் வைப்பதே சரி.

பின்சேர்க்கை: கன்னியாகுமரி மாவட்டத்துக் கடலோரத்திலிருந்து எழுதிய ஒருவர், ஈரக்காற்றில் இதழ்களின் குழிவு தளர்ந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். உருக்கிய மெழுகில் இதழை ஒரு கணம் தோய்த்தெடுத்தால் விறைப்பாக நிற்கும், உண்மைப் பூவின் மினுமினுப்பும் வரும். மெழுகை நேரடியாக அடுப்பில் வைக்காமல், கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வேறொரு கிண்ணத்தில் வைத்து உருக்க வேண்டும். மெழுகேறிய காகிதம் இன்னும் எளிதில் தீப்பற்றும் என்பதால், விளக்கேற்றும் மேசைக்கு நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன். கனியை விடியற்காலையில்தான் காண்கிறோம். கொத்துகளை முந்தைய இரவு வரை மூடிய டப்பாவுக்குள் வைத்திருந்து, படுக்கப் போகும்முன் எடுத்துக் குத்தினாலே தளர்ச்சி பெரிதாகத் தெரியாது.