கைக்குட்டை சட்டைப்பையிலேயே இருக்கட்டும்: கார் சேகரிப்பைப் பார்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளாசிக் கார்களையும் ஸ்போர்ட்ஸ் கார்களையும் சேர்த்துவைத்திருப்பவர்கள் எப்போதாவது ஒரு நாள் கொட்டகைக் கதவுகளை எல்லோருக்கும் திறந்துவிடுவார்கள். அத்தகைய நாட்களில் பல ஆண்டுகள் பார்வையாளனாகப் போய்வந்தேன். இப்போது கயிற்றுக்கு உட்புறம் நின்று உதவி செய்கிறேன். சென்ற முறை முதன்முதலாக வந்திருந்த சிலர், நான் அந்தக் காலத்தில் செய்த தவறுகளை ஒன்றுவிடாமல் செய்துகொண்டிருந்தார்கள். கதவைத் திறக்காதீர்கள், இருக்கையில் ஏறாதீர்கள் என்பதெல்லாம் வாசலிலேயே எழுதியிருக்கும். அவற்றை நான் சொல்லவேண்டியதில்லை.

## தூசியைத் துடைத்துவிடுவது

என்னை இன்றும் கோபப்படுத்தும் தவறு இதுதான். செய்கிறவர்கள் யாரும் கெட்டவர்கள் அல்லர், காரை நேசிப்பவர்கள். அதனால்தான் கோபம் இன்னும் கூடுகிறது.

ஒருமுறை கருநீல ஜாகுவார் ஈ-டைப் ஒன்றின் முன் நின்றிருந்தேன். 1961இல் வெளிவந்தது முதல் அந்த நீண்ட பானெட்டுக்காகவே பேசப்படும் கார் அது. படம் எடுக்கப் போனபோது பானெட் மேல் மெல்லிய தூசி தெரிந்தது. கைக்குட்டையை எடுத்து இரண்டு இழுப்பு இழுத்தேன். தூசி போய்விட்டது, படமும் நன்றாக வந்தது. காரைப் பராமரிக்கும் பெரியவர் என்னைத் திட்டவில்லை. ஒரு சிறிய டார்ச் விளக்கைக் கொண்டுவந்து, பானெட்டுக்குச் சாய்வாகப் பிடித்தார். என் கை போன வழியெல்லாம், வில் போல் வளைந்த மயிரிழைக் கோடுகள். “இது தொழிற்சாலையில் அடித்த பெயின்ட், தம்பி” என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அன்று நான் எந்தக் காரையும் சரியாகப் பார்க்கவில்லை.

இரண்டு இழுப்பில் அவ்வளவு சேதமா என்று கேட்பவர்களுக்காகச் சற்று விரிவாகச் சொல்கிறேன். தூசியில் மணல் துகள் இருக்கும். மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். கனிமங்களின் கடினத்தை ஒன்று முதல் பத்து வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் அதன் கடினம் 7, கண்ணாடியையே கீறக்கூடியது. உலர்ந்த துணியை அதன் மேல் வைத்து அழுத்தினால், கையில் இருப்பது துணியல்ல, உப்புத்தாள். இன்றைய கார்களில் நிறத்துக்கு மேலே நிறமற்ற பூச்சு ஒன்று காவலாக இருக்கிறது. பழைய கார்கள் பெரும்பாலானவற்றில் அது கிடையாது, நிறப்பூச்சே வெளித்தோல். பலவற்றில் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் என்ற பழைய வகைப் பெயின்ட் அடித்திருப்பார்கள். வெண்துணியில் பாலிஷ் தொட்டுத் தேய்த்தால் காரின் நிறமே துணியில் ஏறிவிடும்.

கீறலைப் பாலிஷ் போட்டுப் போக்கிவிடலாமே என்பார்கள். பாலிஷ் கீறலை நிரப்புவதில்லை. கீறலின் ஆழத்துக்குச் சுற்றியுள்ள பெயின்டையும் சுரண்டிச் சமப்படுத்துகிறது. ஒவ்வொரு முறையும் பூச்சு மெலியும்; விளிம்புகளிலும் மடிப்புகளிலும் முதலில் பிரைமர் என்ற அடிப்பூச்சு எட்டிப்பார்க்கும். அப்புறம் முழுவதும் புதிதாக அடிப்பதைத் தவிர வழியில்லை. அடித்தால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கார் தொழிற்சாலையிலிருந்து உடுத்திவந்த தோல் போய்விட்டது; எவ்வளவு கொட்டிக்கொடுத்தாலும் அது திரும்ப வராது. அமெரிக்காவின் பெபிள் பீச் போன்ற பெரிய கார் அழகுப் போட்டிகளில், புதுப்பிக்காமல் காத்துவைத்த கார்களுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. வெடிப்பும் மங்கலுமாக நிற்கும் பெயின்டுக்கு அங்கே மரியாதை அதிகம்.

இத்தனையும் தெரிந்த பிறகு, சென்ற முறை ஒருவர் வாயால் ஊதிவிட்டு உள்ளங்கையால் தடவியதைப் பார்த்தபோது எனக்கு மனம் பொறுக்கவில்லை. இன்னொருவர் டேஷ்போர்டை எட்டிப்பார்க்கக் கதவில் சாய்ந்தார். அவருடைய பெல்ட் பக்கிள் எங்கே உரசியது என்பது அவருக்கே தெரியாது. மெல்லிய அலுமினியத் தகட்டாலான உடலாக இருந்தால் உள்ளங்கை அழுத்தமே பள்ளம் போட்டுவிடும்.

கைகளைப் பின்னால் கோத்துக்கொள்ளுங்கள். தோள்பையை முதுகுப்பக்கம் தள்ளுங்கள். கேமராவின் வாரைக் கையில் சுற்றிக்கொள்ளுங்கள், குனியும்போது அது ஊஞ்சலாடும். தூசி படத்தைக் கெடுக்கிறது என்றால் பராமரிப்பவரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். எந்தக் காரை எப்படித் துடைப்பது என்பது அவருக்குத் தெரியும்.

## விலை கேட்பது

கேட்காதீர்கள்.

## குளிர்ந்த எஞ்சினை உறுமச் சொல்வது

“ஒருமுறை முடுக்கிக் காட்டுங்களேன்” என்று கெஞ்சுகிறவர்கள் ஒவ்வொரு முறையும் வருகிறார்கள். நானும் கெஞ்சியிருக்கிறேன். இரவெல்லாம் நின்ற எஞ்சினில் எண்ணெய் கெட்டியாக இருக்கும். அது மெலிந்து எல்லா இடுக்குகளுக்கும் தாராளமாக ஓடும் முன் வேகமாகச் சுழற்றினால் பேரிங்குகளும் சிலிண்டர் சுவர்களும் தேயும். இரண்டு நிமிடம் ஓட்டி நிறுத்துவதும் நல்லதல்ல. பெட்ரோல் எரியும்போது உண்டாகும் நீராவி குளிர்ந்த சைலன்சரில் நீராகப் படிந்து உள்ளிருந்தே துருப்பிடிக்க வைக்கும். எஞ்சின்களை எத்தனை மணிக்கு இயக்குவார்கள் என்று கேட்டுவைத்துக்கொண்டு, அதற்குப் பத்து நிமிடம் முன்பே போய் நில்லுங்கள். பெட்ரோலைக் காற்றோடு கலந்து கொடுக்கும் கார்புரேட்டர்கள் தும்மி, இருமி, மெல்ல ஒரு சீராக வருவதைக் கேட்பது உறுமலைவிட இனிமையானது. அப்போது போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். அந்த ஓசையை அது பாதிதான் பிடிக்கும்.

## ஓடிவந்து நின்ற காரை ஒட்டி நிற்பது

சில ஏசி கோப்ரா ஸ்போர்ட்ஸ் கார்களில் புகைக்குழாய் கதவுக்குக் கீழே பக்கவாட்டில் போகிறது. கெண்டைக்கால் வெந்துவிடும்.

## கூட்டம் நிற்கும் காரிடம் மட்டும் நிற்பது

லம்போர்கினி மியூராவைச் சுற்றி எப்போதும் மூன்று வரிசை ஆட்கள். பக்கத்திலேயே ஒரு சிறிய மினி நின்றால் அதை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. 1959இல் வந்த மினியில் எஞ்சினைக் குறுக்காக வைத்து, கியர்பாக்ஸை அதன் அடியிலேயே அடக்கி, இரண்டுக்கும் ஒரே எண்ணெயைக் கொடுத்தார் அதை வடிவமைத்த அலெக் இஸிகோனிஸ். 1966இன் மியூராவிலும் பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின் குறுக்காகத்தான் கிடக்கிறது. தொடக்கத்தில் அதிலும் கியர்பாக்ஸுக்கும் எஞ்சினுக்கும் ஒரே எண்ணெய்தான். முதலில் மினியின் பானெட்டுக்குள் பார்த்துவிட்டு மியூராவிடம் போனால், அந்தக் கூட்டத்தில் யாருக்கும் தெரியாத ஒன்று உங்களுக்குத் தெரியும்.

## எண்ணெய்த் தட்டைப் பார்த்து முகம் சுளிப்பது

பழைய எஞ்சின்கள் பல எண்ணெய் சொட்டத்தான் செய்யும். காருக்கு அடியில் தட்டு வைத்திருப்பது அக்கறைக்கு அடையாளம்.

## “என்ன வேகம் போகும்?” என்பதோடு நிறுத்திக்கொள்வது

வேகம் எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும். ஏன் இப்படிச் செய்தார்கள் என்று கேளுங்கள். மெர்சிடிஸ்-பென்ஸ் 300 எஸ்எல் காரின் கதவுகள் பறவைச் சிறகுபோல் மேலே திறப்பது பகட்டுக்காக என்றே நான் நெடுநாள் எண்ணியிருந்தேன். 1954இன் கார் அது. ஒருநாள் வாய்விட்டுக் கேட்டேன். பராமரிப்பவர் கதவைத் தூக்கி, முழங்கால் உயரத்துக்கு மேலே நின்ற அகலமான ஓரத்தைக் காட்டினார். எடை குறைய வேண்டும், சட்டகமும் வளையக் கூடாது என்று மெல்லிய எஃகுக் குழாய்களைக் கோத்துப் பின்னியிருக்கிறார்கள்; அந்தப் பின்னல் பக்கவாட்டில் உயர்ந்துவிட்டதால் சாதாரணக் கதவுக்கு இடமே இல்லை. கீலைக் கூரையில் வைத்துவிட்டார்கள். பிறகு ஸ்டியரிங் வளையத்தைக் கீழ்நோக்கி மடக்கினார். அந்த ஓரத்தின் மேல் உட்கார்ந்து, கால்களை ஒன்றாகச் சேர்த்து உள்ளே விட்டு, இருக்கைக்குச் சரிந்தார். வளையத்தை மீண்டும் நிமிர்த்தினார். “இப்போது புரிகிறதா?” என்று உள்ளிருந்து கேட்டார்.