சிரியோபாகோபஸ் வகைப்பாடு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்கிழக்காசியாவிலும் தென்சீனாவிலும் மண்ணில் வளை தோண்டி வாழும் சிரியோபாகோபஸ் பேரினத்து டரன்டுலாக்களை (உடல் பெருத்த, மயிர் அடர்ந்த சிலந்திகளை) படிக்கத் தொடங்குவோர், எங்கள் தலைமுறை செய்து ஓய்ந்த தவறுகளையே மீண்டும் செய்கின்றனர். எழுத்துப்பிழை, இடம் மாறிய லேபிள் போன்றவற்றை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

பழைய நூலின் பேரினப் பெயரை அப்படியே எடுத்துக்கொள்வது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். சிரியோபாகோபஸ் பேரினத்தை 1887இல் நிறுவிய சிலந்தியியலாளர் சைமன், 1892இல் ஹாப்லோபெல்மா என்ற பேரினத்தையும் நிறுவினார். பின்னாளில் வளைவாசிகள் ஹாப்லோபெல்மாவிலும், மரத்தில் வாழும் ஷியோட்டேய் போன்ற சிற்றினங்கள் சிரியோபாகோபஸிலும் வைக்கப்பட்டிருந்தன. 2015இல் ஸ்மித்தும் ஜகோபியும் செய்த மறுஆய்வு, ஹாப்லோபெல்மாவை சிரியோபாகோபஸின் ஒத்தபெயராக்கியது, அதாவது இரண்டும் ஒரே பேரினத்தின் பெயர்கள் என்றது. முந்தி வெளியான பெயருக்கே முன்னுரிமை என்பதால் வளைவாசிகள் அனைத்தும் சிரியோபாகோபஸ் ஆயின. ஷியோட்டேய் ஓமோதைமஸ் என்ற பேரினத்துக்குப் போனது. ஆகவே ஒரே பெயர் பழைய நூல்களில் பெரும்பாலும் மரவாசியையும், இன்றைய பட்டியலில் வளைவாசியையும் குறிக்கிறது.

வாழிட அட்டவணை தயாரித்த மாணவர் ஒருவர், பழைய குறிப்புகளில் இருந்த மரப்பொந்துகளைப் புதிய பட்டியலின் வளைகளோடு ஒரே பேரினத்தின் கீழ்ச் சேர்த்து, இப்பேரினம் மரத்திலிருந்து மண்ணுக்கு இறங்கிக்கொண்டிருக்கிறது என்று ஓர் அத்தியாயமே எழுதிவிட்டார். வாதம் அழகாகத்தான் இருந்தது. அத்தியாயம் முழுவதையும் நீக்க வேண்டியதாயிற்று. குறிப்பு வெளியான ஆண்டைப் பார்த்து, சிற்றினப் பெயரைக் கொண்டு இன்றைய பேரினத்தைத் தேடியிருந்தால் அந்த உழைப்பு மிஞ்சியிருக்கும். சிலந்தி வளர்ப்போருக்கும் இதே ஆபத்து உண்டு: பழைய பராமரிப்புக் குறிப்பை நம்பி, ஆழமான மண் வேண்டிய உயிருக்கு நிமிர்ந்த மரப்பட்டையை வைத்துவிடுவார்கள்.

ஒரே பெயரில் தேடி நிறுத்திவிடுவது

1991இல் வான் விர்த் விவரித்த ஷ்மிட்டி சிற்றினமே, 1993இல் சீனாவில் செலினோகாஸ்மியா ஹுவெனா என மீண்டும் விவரிக்கப்பட்டது. அதன் நஞ்சிலுள்ள ஹுவென்டாக்சின்கள் பற்றிய கட்டுரைகளில் ஆர்னிதாக்டோனஸ் ஹுவெனா, ஹாப்லோபெல்மா ஷ்மிட்டி என்ற பெயர்களும் வருகின்றன. இவை அனைத்திலும் தேடாதவருக்கு நஞ்சு ஆய்வின் பெரும்பகுதி கண்ணில் படாது.

அடைப்புக்குறியை விட்டுவிடுவது

ஒரு சிற்றினம் முதலில் விவரிக்கப்பட்ட பேரினத்திலிருந்து வேறொன்றுக்கு மாறியிருந்தால், அதை விவரித்த ஆசிரியரின் பெயரும் ஆண்டும் அடைப்புக்குறிக்குள் வரும்: சிரியோபாகோபஸ் லிவிடஸ் (ஸ்மித், 1996).

நிறத்தை வைத்து முடிவு செய்வது

லிவிடஸின் நீல நிறம் பெண்ணுக்கே உரியது. முதிர்ந்த ஆண் மங்கலான பழுப்பு. பெண்ணில் விந்தைச் சேமிக்கும் பையையும், ஆணில் வாயருகே உள்ள சிறுகால் போன்ற உறுப்பின் (பெடிபால்ப்) நுனியிலுள்ள குமிழையும் நுண்நோக்கியில் பாருங்கள்.