‘சார்ஜ்’ என்ற சொல்லைத் தமிழில் எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004-ஆம் ஆண்டு செயல்படத் தொடங்கிய பிறகு, தமிழ் ஆவணங்களை ஆங்கிலத்திலும் பழைய ஆங்கிலப் பத்திரங்களைத் தமிழிலும் பெயர்த்துத் தரும் வேலை எங்கள் ஊரில் பெருகியது. இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள், நாங்கள் பழகிய காலத்தில் இடறிய இடங்களிலேயே இன்றும் இடறுகிறார்கள். அவற்றுள் பல ‘சார்ஜ்’ என்ற ஒரே சொல்லைச் சுற்றி இருக்கின்றன. செல்போனுக்குச் சார்ஜ், ஆட்டோவுக்குச் சார்ஜ், டெப்போவுக்கு ஓர் இன்சார்ஜ் என்று நாள் முழுவதும் பேச்சில் புழங்குவதால், அது தெரிந்த சொல்தான் என்ற துணிச்சல் வந்துவிடுகிறது. பஸ் சார்ஜை மின்னேற்றம் என்று எவரும் எழுதப் போவதில்லை என்பதால், அத்தகைய வெளிப்படையான பிழைகளை இங்கே விட்டுவிடுகிறேன்.

எதன் மீது எது ஏற்றப்படுகிறது என்று கேளாதிருப்பது

வண்டியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து, சுமை ஏற்றுதல் என்ற பொருளில், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது. பேட்டரியில் மின்சாரத்தை ஏற்றுகிறோம்; ஒருவர் மீது குற்றத்தைச் சுமத்துகிறோம்; அதிகாரி பொறுப்பை ஏற்கிறார்; வாடிக்கையாளர் தலையில் செலவு ஏறுகிறது. வாக்கியத்தில் சுமை எது, அதைச் சுமப்பது யார் அல்லது எது என்ற இரண்டையும் கண்டுகொண்டால் சரியான தமிழ்ச் சொல் பெரும்பாலும் தானாகவே கிடைத்துவிடும். முதலில் நினைவுக்கு வரும் ‘கட்டணம்’ என்ற பொருளை எடுத்து ஒட்டுபவர்களே பின்னால் வரும் தவறுகளில் பலவற்றைச் செய்கிறார்கள்.

சொத்தின் மீதுள்ள சார்ஜைக் கட்டணம் ஆக்குவது

இதை நினைக்கும்போது எனக்கு இன்றும் எரிச்சல் அடங்குவதில்லை. உசிலம்பட்டிப் பக்கம் தோட்டத்தை விற்ற ஒருவர், வண்டியூர்த் தெப்பக்குளத்தை ஒட்டிய தெரு ஒன்றில் வீடு வாங்க முன்பணம் கொடுத்துவிட்டு, தாய்ப்பத்திரங்களைத் தமிழில் பெயர்த்துத் தரும்படி ஓரிடத்தில் கொடுத்தார். அவற்றுள் ஒன்று, அண்ணன் தம்பிகள் 1970-களில் ஆங்கிலத்தில் எழுதிப் பதிவு செய்த பாகப்பிரிவினைப் பத்திரம். தாயாருக்கு அவருடைய ஆயுட்காலம் வரை மாதந்தோறும் தர வேண்டிய ஜீவனாம்சத்துக்கு அந்த வீட்டையே சார்ஜ் ஆக்கி அதில் எழுதியிருந்தார்கள். பெயர்த்தவரோ, ‘மேற்படி வீட்டுக்கு ஜீவனாம்சம் கட்டணமாக விதிக்கப்பட்டுள்ளது’ என்று எழுதிக் கொடுத்தார். வாங்குபவர் அதைப் படித்து, அந்தக் காலத்தில் கட்டி முடித்த ஏதோ ஒரு தொகை என்று எண்ணிக்கொண்டார். விற்றவர்களும் வழக்கம்போல ‘வில்லங்கம் ஏதுமில்லை, இருந்தால் நாங்களே முன்னின்று தீர்த்துக் கொடுப்போம்’ என்று எழுதிக் கிரயம் முடித்தார்கள். ஓரிரண்டு ஆண்டுகளில், உயிரோடிருந்த அந்த மூதாட்டி, நின்றுபோன ஜீவனாம்சப் பாக்கியை அந்த வீட்டிலிருந்தே வசூலித்துத் தரும்படி வழக்குப் போட்டார்.

1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 100-ஆம் பிரிவு இந்தச் சார்ஜைத்தான் பேசுகிறது. ஒருவருடைய அசையாச் சொத்து, மற்றொருவருக்குச் சேர வேண்டிய பணத்துக்கு ஈடாக நிற்கிறது. ஆனால் அந்த ஏற்பாடு அடமானம் ஆகாது. அடமானத்தில் சொத்திலுள்ள உரிமையின் ஒரு பகுதி கடன் கொடுத்தவருக்கு மாறுகிறது. சார்ஜில் அப்படி எதுவும் மாறுவதில்லை, பணம் வராவிட்டால் அந்தச் சொத்திலிருந்து வசூலிக்கும் வழி மட்டுமே உண்டு. ஆகவே கட்டணம் என்று எழுதுவது எவ்வளவு தவறோ, அடமானம் என்று எழுதுவதும் அவ்வளவு தவறு.

விஷயம் தெரியாமல் விலை கொடுத்து வாங்கியவரை அதே பிரிவு காப்பாற்றுகிறது என்பது உண்மைதான். ஆனால் பதிவு செய்யப்பட்ட பத்திரத்தில் இருப்பதை, அந்தச் சொத்தை வாங்குபவர் அறிந்தவராகவே 3-ஆம் பிரிவு கருதுகிறது. போதாக்குறைக்கு, அந்தப் பத்திரம் அவருடைய கோப்பிலேயே தமிழ்ப் பெயர்ப்போடு இருந்தது. எனக்குத் தெரியாது என்று அவர் எந்த வாயால் சொல்வார்? தோட்டம் விற்ற பணத்தில் மிச்சமிருந்ததைக் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டார். பெயர்த்துக் கொடுத்தவர் தம்முடைய கூலியைக்கூடத் திருப்பித் தரவில்லை.

இத்தகைய இடத்தில் ஒரே சொல்லைத் தேடி அலைய வேண்டாம். ‘இந்தத் தொகைக்கு இந்தச் சொத்தே ஈடாக நிற்கும், பணம் வராவிட்டால் இந்தச் சொத்திலிருந்தே வசூலிக்கலாம்’ என்று விரித்தே எழுதுங்கள். பக்கம் சற்று நீளும், அதனால் குற்றமில்லை. விலை முழுவதும் பெறாமல் சொத்தை எழுதிக் கொடுத்துவிட்ட விற்பனையாளருக்கு 55-ஆம் பிரிவு தரும் சார்ஜுக்கும் இதே முறை பொருந்தும்.

‘மிதக்கும் கட்டணம்’

வங்கிக் கடன் ஒப்பந்தம் ஒன்றின் பெயர்ப்பில் ‘ஃபுளோட்டிங் சார்ஜ்’ என்ற தொடர் இப்படி ஆகியிருந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். விளக்குத்தூண் பகுதியில் ஜவுளி விற்கும் ஒரு நிறுவனத்தின் சரக்கு நாள்தோறும் விற்றுப் புதிதாக வந்துகொண்டே இருக்கும். எந்தச் சேலை என்று குறிக்காமல் அந்த மாறும் இருப்பு முழுவதையும் கடனுக்கு ஈடாக்குவதையே அந்தத் தொடர் சொல்கிறது. ‘மாறும் சொத்துகளின் மீதான ஈடு’ என்று எழுதலாம்.

குற்றப்பத்திரிகை, குற்றச்சாட்டு, குறிப்பாணை

சார்ஜ் ஷீட் என்பது காவல்துறை தாக்கல் செய்யும் குற்றப்பத்திரிகை. சார்ஜ் ஃபிரேம் செய்வது நீதிமன்றம். அதைக் குற்றச்சாட்டு வனைதல் என்கிறோம். இவற்றுக்கு இடையே, வழக்கிலிருந்து விடுவிக்கக் கோரும் மனு வருவதற்கு இடமுண்டு என்பதால், இரண்டையும் ஒன்றாக எழுதினால் வழக்கு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதே குழம்பிவிடும். அந்த மனுவில் வரும் ‘டிஸ்சார்ஜ்’ விடுவிப்பு ஆகும். விசாரணை முடிந்து கிடைக்கும் விடுதலை வேறு. தமிழ்நாடு அரசு ஊழியருக்கு, அவர்களுக்கான ஒழுங்கு விதிகளின் 17-பி விதியில் வரும் சார்ஜ் மெமோவோ துறை நடவடிக்கைக்கான குற்றச்சாட்டுக் குறிப்பாணை. அதைக் குற்றப்பத்திரிகை என்று எழுதி, ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளான எழுத்தரைக் குற்ற வழக்கில் சிக்கியவராக்கிவிடாதீர்கள்.

பொறுப்பில் இருப்பவர் யார்?

ஆங்கிலத்தில் நடுவில் ‘தி’ என்ற ஒரு சிறு சொல் சேர்ந்தால் ஆள் மாறிவிடுவார். ‘இன் சார்ஜ் ஆஃப்’ என்றால் பொறுப்பு வகிப்பவர். ‘இன் தி சார்ஜ் ஆஃப்’ என்றால் ஒருவருடைய பொறுப்பில் விடப்பட்டவர். விடுதிக் காப்பாளரையும் விடுதிப் பிள்ளையையும் இந்த இடத்தில் மாற்றிப் போட்ட பெயர்ப்புகள் உண்டு. பதவி ஆணைகளில் வரும் முழுக் கூடுதல் பொறுப்பு என்ற தொடரில் ‘முழு’ என்பதையும் ‘கூடுதல்’ என்பதையும் விழுங்கிவிடாதீர்கள். அது பதவி உயர்வும் அன்று.

தொகுநிதியின் மீதான சார்ஜ்

அதுவும் கட்டணமன்று. உயர் நீதிமன்ற நீதிபதிகளின் சம்பளம்போல, சட்டமன்ற வாக்கெடுப்புக்கு உட்படாமல், மாநில அரசின் வருவாய் சேரும் தொகுநிதியிலிருந்து தரப்படும் செலவு. அரசமைப்பின் 202-ஆம் உறுப்பு இதைச் சொல்கிறது.

லத்தி சார்ஜ்

தடியடி.

குவாரிக் கோப்புகளில் வரும் சார்ஜ்

மேலூர்ப் பக்கத்துக் கல்குவாரி வழக்கொன்றில், துளைக்குள் சார்ஜ் வைத்தார்கள் என்று வந்தால் அது வெடிமருந்து.